வீடு பார்க்கும்போது "தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள்

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வெயில் காலத்தில் தரைத்தள வீடு பார்த்தால் வெள்ளம் ஞாபகத்துக்கே வராது. எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதை வைத்தே மனம் ஆபத்தை அளக்கும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-இல் எழுதிய விஷயம் இது.

"நூறு வருஷத்து வெள்ளம்தானே, இனிமே வராது" என்பார்கள். தப்புக் கணக்கு. அதன் அர்த்தம் வருஷத்துக்கு 1% வாய்ப்பு. 30 வருஷம் குடியிருந்தால் ஒரு தடவையாவது வர 26%, அதாவது நாலில் ஒன்று.

"நிக்குமா?" என்றால் "சேச்சே" என்றுதான் பதில் வரும். "2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எத்தனை படி ஏறுச்சு?" என்று கேளுங்கள். புரோக்கரிடம் இல்லை, எதிர் மளிகைக்கடை அண்ணாச்சியிடம். கதவு நிலையின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்டா, ஈபி மீட்டரை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இதெல்லாம் அட்வான்ஸ் பேசுவதற்கு முன். வீடு பிடித்துப்போய்விட்டால் ஆபத்து தானாகச் சின்னதாகத் தெரியும். தண்ணீர் ஏறிய உயரத்தை டேப் வைத்து அளந்து, பிரிட்ஜும் இன்வெர்ட்டரும் அதற்கு மேல் நிற்க இடமுண்டா என்று பார்த்துவிடுங்கள்.