கடல் கெளுத்தியை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள்ளில் விஷம் உண்டு, கையுறை போடு என்று முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் முன்பு செய்த பிழைகளையே புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாயில் இருக்கும் முட்டையை இரை என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பெரிய மீன் ஒன்றின் வாயைத் திறந்தால், கோலிக்குண்டு போல மஞ்சள் முட்டைகள் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உடனே குறிப்பேட்டில் "உணவு: மீன் முட்டை" என்று ஏறிவிடும். சொந்த முட்டையையே தின்னும் மீன் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு.

அது தின்னவில்லை, அடைகாக்கிறது. கடல் கெளுத்திகள் அடங்கிய ஆரியிடே குடும்பத்தில் பெண் இட்ட முட்டைகளை ஆண்தான் வாயில் ஏந்திக்கொள்ளும். அவை பொரிந்து, குஞ்சுகளின் மஞ்சள்கருப் பை கரையும்வரை பல வாரங்கள் பெரும்பாலும் பட்டினிதான். வயிற்றைக் கீறினால் இரைப்பை சுருங்கிக் கிடக்கும். உள்ளே ஓரிரு முட்டை இருந்தாலும், பிடிபட்ட பதற்றத்தில் விழுங்கியதாக இருக்கலாம். இது தெரியாமல் நான் ஒரு பருவம் முழுக்கத் தயாரித்த உணவுப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. வலையில் துள்ளும்போதே ஆண் முட்டைகளைத் துப்பிவிடும். கூடையில் பல மீன்களின் முட்டைகள் கலந்துவிடும். ஆகவே வாய் காலியாக இருந்தால் அடைகாக்கவில்லை என்று எழுதாதீர்கள். வாயில் கிடைத்த எண்ணிக்கையை ஓர் ஈட்டின், அதாவது ஒரு தடவை இடும் முட்டைகளின், அளவாகவும் கொள்ளாதீர்கள். பெண்ணின் சூலகத்தில் முதிர்ந்து நிற்கும் பெரிய முட்டைகளை எண்ணுங்கள். லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்கள் உண்டு. இங்கே சில பத்துகள், மிஞ்சினால் நூறு சொச்சம். அடைகாக்கும் ஆண் ஒன்று வலையில் சிக்கினால் அந்த ஈடு மொத்தமும் போய்விடும். அந்தப் பருவத்தில் பிடிப்பு அதிகமானால் கவலைப்பட வேண்டும், மகிழக் கூடாது.

வாயில் முட்டை வைத்திருப்பதால் பெண் என்பது

ஏந்துவது ஆண்தான். வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பது விந்தகமா சூலகமா என்று பாருங்கள்.

தவறான காதுக்கல்லை எடுப்பது

மீனின் வயதைக் கணிக்க அதன் உள்காதில் இருக்கும் கற்களை எடுப்போம். பெரும்பாலான எலும்பு மீன்களில் அவற்றுள் சாஜிட்டா என்பதுதான் பெரிய கல். அதே பழக்கத்தில் இங்கும் சாஜிட்டாவைத் தேடி எடுத்தால் சிறு துணுக்குதான் கையில் வரும். இந்தக் குடும்பத்தில் பெரிய கல் லாபில்லஸ், பருத்து உருண்டிருக்கும். வயதைக் கணிக்க அதை அறுத்து வளையம் எண்ணுங்கள்.

பவளப்பாறையில் தேடுவது

அங்கே பந்தாகத் திரண்டு நீந்தும் வரி போட்ட குஞ்சுகள் புளோட்டோசிடே என்ற வேறொரு கெளுத்திக் குடும்பம். அவை முட்டையை வாயில் ஏந்துவதில்லை. ஆரியிடே மீன்களுக்குச் சேற்றுத்தரையும் கழிமுகமும் வேண்டும். சில இனங்கள் ஆற்று நன்னீரிலேயே வாழ்கின்றன.