கியரை மேலேயே மாற்று: சிமுலேட்டர் ஹெலிகொப்டரில் நான் செய்த, நீங்கள் செய்யக்கூடாத தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் சிமுலேட்டரில் மி-8 என்ற ரஷ்யப் போக்குவரத்து ஹெலிகொப்டரை ஒரே இடத்தில் நான்கு தடவை விழுத்தினான். ஹட்டனில் என் கொம்பியூட்டர் திருத்தும் கடையின் பின்னறையில் ஒரு மேசை, செக்கன்ட் ஹேண்ட் ஜொய்ஸ்டிக், கூரையில் மழைச் சத்தம். தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் லீவு நாளில் வந்து பறப்பார்கள். இவன் மலையைச் சுற்றி அழகாகத்தான் வந்தான். இறங்குதளத்துக்கு மேல் நாற்பது மீற்றர் இருக்கும்போது, நூல் அறுந்த மாதிரி விழுந்தான். நாலாவது தடவை என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ஜொய்ஸ்டிக்ல ஏதோ பிழை" என்றான்.

அதே ஜொய்ஸ்டிக்கை எனக்கு விற்றவரிடம் நானும் அதே வசனத்தைச் சொன்னவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த பட்டனை எப்போது அழுத்துவது, எஞ்சினை எந்த வரிசையில் கிளப்புவது என்பதெல்லாம் இங்கே இல்லை. அது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பழகிய பிறகும் விடாமல் கூடவே வரும் தவறுகளைத்தான் சொல்கிறேன். டிசிஎஸ் என்ற போர் விமானச் சிமுலேட்டரை வைத்தே சொல்கிறேன், நான் அதிகம் பறப்பது அதில்தான்.

## வேகத்தைக் கடைசி நேரத்தில் குறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மற்றவர் செய்யும்போது வருகிற எரிச்சலில் பாதி என் மேல்தான்.

2021 ஜூனில் டிசிஎஸ்ஸில் மி-24பி போர் ஹெலிகொப்டர் வெளிவந்தபோது நாட்டில் கொரோனாப் பயணத் தடை. கடை பூட்டு. பொழுதுக்கும் பறப்புத்தான். ஒரு இரவு, இணையத்தில் சேர்ந்து பறக்கும் குழுவுக்காக மி-8இல் படையினரை ஏற்றிக்கொண்டு காக்கசஸ் மலைகளுக்குள் ஐம்பது நிமிடம் ஊர்ந்து போனேன். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக, மரத்தை உரசிக்கொண்டு, ஒரு ஏவுகணையும் கண்ணில் படாமல். மி-8இல் 24 பேர் ஏறலாம், நானும் நிரப்பிக்கொண்டுதான் போனேன். இறங்க வேண்டிய மைதானம் தெரிந்தது. 180 கிலோமீற்றர் வேகத்தில் அதன் விளிம்புக்கே போய், மூக்கைத் தூக்கி, சடாரென்று நிறுத்தப் பார்த்தேன். அடுத்த ஆறு செக்கனில் எல்லாம் முடிந்தது. ஹெட்செட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஆறு செக்கனில் நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம்.

மூக்கைத் தூக்கியதும் காற்று ரோட்டரின் அடியில் வந்து முட்டும். ஹெலிகொப்டர் எழும்பப் பார்க்கும். எழும்பக்கூடாதே என்று கலெக்டிவை, அதாவது தூக்கலைக் கூட்டிக் குறைக்கும் இடது கை நெம்புகோலை, அடிமட்டத்துக்குக் கொண்டுபோவோம். அந்தக் கணத்தில் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் கடன் வாங்கிய தூக்கலில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். வேகம் போனதும் அந்தத் தூக்கலும் போய்விடும். முன்னால் போகும்போது ரோட்டருக்குப் புதுக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும், குறைந்த பவர் போதும். மி-8க்கு மணிக்கு 120 கிலோமீற்றர் அளவில் மிகச் சௌகரியம். 50க்குக் கீழே வந்தால் அந்த உதவி கரையத் தொடங்கும், அந்தரத்தில் நிற்பதற்கு நிறையப் பவர் வேண்டும். ஆனால் கலெக்டிவ் கீழே கிடக்கிறது, எஞ்சின் அரைத் தூக்கத்தில் இருக்கிறது.

இப்போது தரை மேலே வருகிறது. பயம் வந்து கலெக்டிவை ஒரே இழுவையாக இழுப்போம். டர்பைன் விழித்துக்கொள்ள ஓரிரு செக்கன் எடுக்கும். அதற்குள் ரோட்டரின் சுற்று வேகம் விழும். முறுக்கு விசை ஏறியதும் மூக்கு இடது பக்கம் திரும்பும், இந்த ரஷ்ய ஹெலிகொப்டரில் வலது பெடலை மிதிக்க வேண்டும் என்பது கால் மறந்துபோயிருக்கும். (அமெரிக்க ஹியூயியில் ரோட்டர் மறுபக்கம் சுற்றும், ஆகவே இடது பெடல். இரண்டிலும் மாறி மாறிப் பறப்பவர்களுக்கு இது தனித் தலைவலி.) இதற்கெல்லாம் மேலாக, முன்வேகம் இல்லாமல் வேகமாகக் கீழே விழுந்துகொண்டிருப்பதால், நாமே கீழே தள்ளிய காற்று ரோட்டரைச் சுற்றி மேலே வந்து மறுபடி உள்ளே இறங்கும். சுழல் வளையம் என்பது இதுதான். இதில் மாட்டியபின் கலெக்டிவை இழுத்தால், மழை நாளில் தோட்டத்து ரோட்டில் சேற்றில் புதைந்த டயருக்கு ஆக்ஸிலேட்டர் கொடுக்கிற கதைதான். கொடுக்கக் கொடுக்கப் பள்ளம் ஆழமாகும்.

பையன்கள் சுழல் வளையத்தைத்தான் குற்றவாளி என்கிறார்கள். காணொளிகளும் அதிலிருந்து தப்புவது எப்படி என்றே பேசுகின்றன. தப்பும் வழி தெரிந்திருக்கத்தான் வேண்டும்: உயரம் இருந்தால் கலெக்டிவை இறக்கி, மூக்கைச் சாய்த்து, வேகம் எடுத்து வெளியே போங்கள். சுவிஸ் விமானி குளோட் வுய்ஷார் பரப்பிய முறையில் பவரைக் கொடுத்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து வழுக்கி வெளியேறலாம், ஹியூயியில் வலப்பக்கம், மி-8இலும் மி-24இலும் இடப்பக்கம். ஆனால் நாற்பது மீற்றரில் இரண்டுக்குமே பெரும்பாலும் நேரம் கிடைக்காது. குற்றம் நடந்தது அங்கே இல்லை, இரண்டு கிலோமீற்றருக்கு முன்னால்.

என் அப்பா கொழுந்து லொறி ஓட்டினவர். மேல் டிவிசனிலிருந்து ஸ்டோருக்கு இறங்கும் பாதையில், முதல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவார். வெறும் லொறியாக இருந்தாலும் அப்படித்தான். "இறக்கத்துக்குக் கியர மேலயே மாத்திடணும்டா. பாதியில மாத்திக்கலாம்னு நெனச்சவன் எல்லாம் ஆத்துலதான் கெடக்கான்." ஹெலிகொப்டரை அவர் பக்கத்தில் பார்த்ததில்லை. அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஹெலிகொப்டர் இறக்கப் படிப்பித்தது அவர்தான்.

மி-8க்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. இறங்குமிடத்துக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது உயரம் 120 மீற்றர், வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றரில் 60 மீற்றர், 80. முந்நூறு மீற்றரில் 20 மீற்றர், 50. அதற்குப் பிறகு வேகமானியைப் பார்க்காதீர்கள், அது அந்த வேகத்தில் நம்பத்தக்கதல்ல. தரை வேகத்தைக் காட்டும் டாப்ளர் காட்டியையும், செங்குத்து வேக முள்ளையும் பாருங்கள். முள் செக்கனுக்கு மூன்று மீற்றரைத் தாண்டக்கூடாது, நான் இரண்டிலேயே நிறுத்திக்கொள்வேன். ஹியூயியில் பறந்தால் 30 நொட்டுக்குக் கீழே நிமிடத்துக்கு 300 அடி.

சரியாக வருகிறீர்களா என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. கடைசி இருநூறு மீற்றரில் உங்கள் இடது கையைப் பாருங்கள். கலெக்டிவ் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். கீழே கிடந்தால் அதுவே எச்சரிக்கை: வேகம் அதிகம், சுற்றிக்கொண்டு மறுபடி வாருங்கள். சுற்றிக்கொண்டு வருவதில் வெட்கமே இல்லை. அந்தப் பையனுக்கு நான் சொன்னதும் அவ்வளவுதான், திரையைப் பார்க்காதே, உன் இடது கையைப் பார். ஐந்தாவது தடவை அவன் கை அடிமட்டத்தில் கிடந்ததை அவனே கண்டு, "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு விழுந்தான். ஆறாவதில் சுற்றிக்கொண்டு போனான்.

## பின்காற்று

மேலே சொன்ன கணக்கு முழுவதும் காற்றில் போகும் வேகம். முதுகில் காற்று அடிக்க இறங்கினால், தரையைப் பார்த்து நாற்பது இருக்கு என்று நினைப்பீர்கள், ரோட்டருக்குக் கிடைப்பது இருபதுதான். எரியும் வண்டியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கு எதிராக வந்து இறங்குங்கள். ஜூலை மாதத்தில் தலவாக்கலைப் பக்கம் காற்றுக்கு எதிராகக் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## உயரத்தை மறப்பது

2022 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் ஹெலிகொப்டர் வந்ததும் எங்கள் பையன்கள் செய்த முதல் வேலை, தங்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டைத் தேடிப் போனது. இரண்டாவது வேலை, கிரெகரி வாவிக் கரையில் இறங்கப்போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் அந்தரத்தில் நிற்கும் கப்ரி ஜி2 இங்கே மூச்சு வாங்கும். அது வெறும் இரண்டு பேர் போகும் சின்னப் பயிற்சி ஹெலிகொப்டர். போர் ஹெலிகொப்டரில் ரொக்கெட்டும் முழு எரிபொருளும் சேர்ந்தால் கதை இன்னும் மோசம்.

மலைக்குப் போகிறீர்கள் என்றால் எரிபொருளைப் பாதியாக்குங்கள். டாங்கியை நிரப்பிக்கொண்டு போவது பஸ்காரருக்குச் சரி.

## ஹைண்டை அந்தரத்தில் நிறுத்திச் சுடுவது

மி-24ஐத்தான் ஹைண்ட் என்கிறோம். அது அந்தரத்தில் நின்று சுடும் அமெரிக்க அப்பாச்சி அல்ல.

## இலக்குக்கு மேலேயே பறப்பது

மி-24பியின் 30 மில்லிமீற்றர் பீரங்கி உடம்பின் வலப்பக்கத்தில் அசையாமல் பொருத்தியது. குறி வைப்பதென்றால் முழு ஹெலிகொப்டரையும்தான் திருப்ப வேண்டும். அதனாலேயே கண் இலக்கில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று போய், கடைசியில் சுடப்பட்டவர்களின் தலைக்கு மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு போவோம். ஒரு கிலோமீற்றர் வந்ததும், பட்டதோ படவில்லையோ, திரும்பிவிடுங்கள்.

திரும்பும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹைண்டின் குட்டைச் சிறகுகள் வேகத்தில் நல்ல பாரம் தாங்கும். வேகம் குறைந்த நிலையில் செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பினால், தாழ்ந்த பக்கத்துச் சிறகு தூக்கலை இழந்து உங்களை இன்னும் சாய்க்கும். முதலில் வேகம், பிறகு திருப்பம்.

## டிரிம்மை அழுத்திவிட்டு ஜொய்ஸ்டிக்கை அப்படியே பிடித்திருப்பது

நிஜ ஹெலிகொப்டரில் டிரிம் அழுத்தினால் சைக்ளிக், அதாவது ஹெலிகொப்டரைச் சாய்க்கும் வலது கைத் தடி, அந்த இடத்திலேயே நிற்கும். நம் ஜொய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, கையை விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். டிரிம் அழுத்தியபின் கையை நடுவுக்குக் கொண்டுவராவிட்டால், டிரிம் செய்த அளவும் கையில் பிடித்திருக்கும் அளவும் ஒன்றாகக் கூடி ஹெலிகொப்டர் குப்புறப் பாயும். டிசிஎஸ் அமைப்புகளில் ஒவ்வொரு ஹெலிகொப்டருக்கும் தனியே, ஜொய்ஸ்டிக் நடுவுக்கு வரும்வரை அசைவைக் கணக்கில் எடுக்காத ஒரு தெரிவு உண்டு. ஸ்பிரிங் வைத்த ஜொய்ஸ்டிக் என்றால் அதையே போடுங்கள். இது தெரியாமல் நான் மூன்று மாதம் டிரிம்மே தொடாமல் பறந்தேன். மணிக்கட்டு வீங்கி, கடையில் சோல்டரிங் செய்ய முடியாமல் போனதுதான் மிச்சம்.

## மி-8இல் ஓட்டோபைலட் சானல்களைப் போட மறப்பது

சாய்வுக்கும் மூக்குக்கும் சேர்த்து உள்ள பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஹெலிகொப்டர் சம்பள நாள் இரவில் வீட்டுக்குப் போகிறவரைப் போல நடக்கும்.

## விலையுயர்ந்த பெடல் வாங்கும்வரை காத்திருப்பது

முறுக்கும் ஜொய்ஸ்டிக் போதும். நான் இரண்டு வருடம் அதில்தான் பறந்தேன். 2022 மார்ச்சில் டிசிஎஸ்ஸில் அப்பாச்சி வெளிவந்தபோது பெடலுக்குச் சேர்த்த காசு யூபிஎஸ் பட்டரிக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம், யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

## ஸ்பீக்கரில் கேட்பது

ரோட்டரின் சத்தமும் ஒரு மானிதான். சுற்று வேகம் விழும்போது முள் அசைவதைக் கண் காண்பதற்கு முன் காது பிடித்துவிடும், தொனி தாழும். ஸ்பீக்கரில், மழைக்குள், பக்கத்தில் நாலு பேர் பேசும்போது அது கேட்காது. ஹெட்செட் போடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பெரியம்மா 83 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய், போர் எல்லாம் முடிந்தபின் ஹட்டனுக்குத் திரும்பி வந்தவர். இலங்கை விமானப்படையிடம் 1995 முதலே மி-24 இருந்தது, அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, சத்தம் தெரியும். ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தவர் பின்னறை வாசலோடு நின்றுவிட்டார். திரையைப் பார்க்கவே இல்லை. "அத நிப்பாட்டு ராசா" என்று மட்டும் சொல்லி, சோற்றுப் பார்சலை முன் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கர் வயர் அன்றிலிருந்து லாச்சிக்குள் கிடக்கிறது.