ரயிலா, பஸ்ஸா? இறங்கும் இடத்தை மறப்பதால் வரும் தவறுகள்

நெடுந்தூரப் பயணத்துக்கு ரயிலா, பஸ்ஸா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: போய் இறங்கியதும் உங்களுக்கு என்ன வேலை? பலரும் சற்றுத் திகைக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், சீட் எப்படி என்றெல்லாம் பார்த்து வைத்திருப்பார்கள். இறங்கும் நேரத்தில் அந்த ஊர் விழித்திருக்குமா, அங்கிருந்து போக வேண்டிய வீடு எவ்வளவு தூரம், காலை பதினோரு மணி நேர்காணலில் உட்காரும்போது உடம்பில் தெம்பு இருக்குமா என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். புறப்படும் முனையில் நின்றுகொண்டு முடிவெடுக்கிறோம். சிரமமோ இறங்கும் முனையில் காத்திருக்கிறது.

எனக்கே இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை மருத்துவரிடம் காட்ட வேறொரு நகரத்துக்கு அழைத்துச் சென்றேன். ரயிலில் ஒன்பது மணி நேரம், பஸ்ஸில் ஏழரை மணி நேரம். ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்று பஸ்ஸில் டிக்கெட் எடுத்தேன். இரவில் சாலை காலியாக இருந்ததால் பஸ் குறித்த நேரத்துக்கும் முன்பாக, மூன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இறக்கிவிட்டது புறவழிச் சாலையில், ஒரு மேம்பாலத்தின் அடியில். விடியும்வரை அம்மாவைப் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அந்தப் படியிலேயே கரைந்தது.

ஆகவே கால அட்டவணையில் உள்ள மணிக்கணக்கை மட்டும் ஒப்பிடுவதை முதல் தவறாகச் சொல்வேன். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை எண்ண வேண்டும். பஸ் டிக்கெட்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் முதல் நிறுத்தத்துக்கு உரியது. அதன்பின் நகரத்தின் நாலைந்து இடங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைத் தொடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகலாம். கடைசி நிறுத்தத்தில் ஏறுபவருக்கு அந்த ஒரு மணி நேரம் லாபம், முதல் நிறுத்தத்தில் ஏறுபவருக்கு நஷ்டம். ரயில் நிலையம் பழைய நகரத்தின் நடுவில் இருக்கும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அதிவேக ரயில்களுக்காகப் பின்னாளில் கட்டப்பட்ட நிலையங்கள் பலவும் ஊருக்கு வெளியே இருக்கின்றன. பிரான்ஸில் 1994இல் திறக்கப்பட்ட ஓத்-பிக்கார்டி நிலையம் அமியன், சேன்-கான்தேன் என்ற இரு நகரங்களுக்கு நடுவே வயல்வெளியில் நிற்கிறது. அந்தப் பகுதி மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘பீட்ரூட் நிலையம்’. அப்படி ஓரிடத்தில் இரவு பத்து மணிக்கு இறங்குவதாக இருந்தால், ரயிலின் வேகத்தைவிட அங்கிருந்து புறப்படும் கடைசி உள்ளூர் வண்டியின் நேரமே முக்கியம்.

வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே இன்று ஒரு பஸ்கூட ஓடக் கூடாது. 1964இல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் தொடங்கியபோது அந்தத் தூரத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது. இப்போது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆனாலும் எட்டு மணி நேரம் ஓடும் இரவு பஸ்கள் அங்கே நிறைந்துதான் போகின்றன. கட்டணம் குறைவு, ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம், காலையில் நகரத்துக்குள் இறங்கலாம். இரவு பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் மாணவரும் ரயிலைத் தேர்ந்தெடுக்கும் அலுவலரும் இருவருமே சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரயில் என்றாலே வசதி, பஸ் என்றாலே அவதி என்ற எண்ணமும் அடுத்தவர் அனுபவத்திலிருந்து கடன் வாங்கியதுதான். நிலத்தின் அமைப்பு அதை மாற்றிவிடும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் ரயில் இவ்வளவு குறைந்த சக்தியில் இவ்வளவு பாரம் இழுப்பதற்குக் காரணம் அதுதான். அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் அதற்குப் பிடிமானம் போதாது. மலையில் ரயில் பாதை சுற்றிச் சுற்றி ஏற வேண்டும், அல்லது சுரங்கம் குடைய வேண்டும். சாலை அதைவிடச் செங்குத்தாக ஏறும். பெருவில் லிமாவிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோவுக்கு நேரடி ரயிலே கிடையாது. தரைவழி என்றால் பஸ்தான். அர்ஜென்டினாவில் ஏறக்குறைய முழுவதும் சாய்கிற இருக்கைகள் கொண்ட பஸ்கள் இரவு முழுக்க ஓடுகின்றன. எந்தப் பாதை, எந்த வண்டி, எந்த நேரம் என்று குறிப்பாகப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ரயிலை ஒரு குறிப்பிட்ட பஸ்ஸோடு ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது.

தாமதத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ரயில் நேரத்துக்குப் போகும், பஸ்தான் தாமதமாகும் என்பார்கள். சிலர் இதையே மாற்றிச் சொல்வார்கள். இரண்டும் தாமதமாகும், ஆனால் வேறு வேறு விதமாக. பஸ்ஸின் தாமதம் பெரும்பாலும் நகரத்தின் விளிம்பில் நிகழ்கிறது. காலை நெரிசலில் நுழைந்தால் கடைசி பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போகும். ஆனால் சாலை அடைபட்டால் மாற்று வழியில் திரும்பிவிடலாம். ரயிலுக்கு நெரிசல் குறைவு. பாதை அடைபட்டால் மட்டும் போக்கிடம் இல்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி கடக்கும்வரை நிற்க வேண்டும், தன் நேரத்தைத் தவறவிட்டால் அடுத்தடுத்த இடங்களிலும் வழிவிட்டுக்கொண்டே போக வேண்டும். பாதை யாருடையது என்பதும் இங்கே முக்கியம். அமெரிக்காவில் ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் வண்டிகள் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமான பாதை. கனடாவில் டொரன்டோவிலிருந்து வான்கூவருக்கு நான்கு இரவுகள் ஓடும் ரயிலும் அப்படிப்பட்ட பாதையில்தான் போகிறது, நீண்ட சரக்கு வண்டிகளுக்காக ஒதுங்கி நிற்கிறது. அத்தகைய வண்டியில் போய் இறங்கிய அன்றே ஒரு விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவது சூதாட்டம். நீங்கள் எடுக்கப்போகும் வண்டி கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பாருங்கள். அந்தப் பாதையில் அடிக்கடி போகிறவர் ஒருவரைக் கேட்டாலும் போதும்.

இரவுப் பயணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் இழப்பது நேரமோ பணமோ மட்டும் இல்லை. பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணிவரை மனித உடல் தூக்கத்தை நோக்கியே சரிகிறது. ஓட்டுநர் தூங்கிவிடுவதால் நேரும் விபத்துகள் அந்த நேரத்தில்தான் குவிகின்றன. அதனால்தான் சட்டங்கள் ஓட்டும் நேரத்துக்கு எல்லை வகுத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம்வரை விலக்கு உண்டு. அமெரிக்காவில் பயணிகள் வண்டி ஓட்டுநர் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு பத்து மணி நேரம்வரை ஓட்டலாம். ஆக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பஸ்ஸில் ஒரே ஓட்டுநர்தான் என்றால் அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள். ‘இரண்டு ஓட்டுநர்களா?’ என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வேறு வண்டிகளைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே சேர்த்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் பஸ்ஸையும் நான் தவிர்க்கிறேன். ஒரே சாலையில் அந்த இரண்டு மணி நேரம் வேறு எங்கிருந்து வரும்?

படுத்துக்கொண்டு போகும் பஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏறியதும் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். 2011 ஜூலையில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் படுக்கை பஸ் ஒன்று தீப்பிடித்து 41 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாட்டில் புதிய படுக்கை பஸ்களைப் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது. குறுகலான நடைபாதையில் இருட்டில் எழுந்து வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதை ஏறும்போதே ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பெல்ட் இருந்தால் படுத்திருக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பேசத் தயங்குவதாலேயே தவறிப்போகும் ஒன்று: கழிப்பறை. பஸ்ஸில் போக வேண்டும் என்பதற்காக முந்தின மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் எல்லாரும் இதை மௌனமாகத் தாங்கிக்கொள்கிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்பது அவர்களுக்கு அவமானமாகப் படுகிறது. குடும்பத்துக்கு டிக்கெட் எடுப்பவர் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லாதவராக இருப்பதால், அவர் கணக்கில் இது வருவதே இல்லை. கூட வருபவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கழிப்பறை இல்லாத பஸ் ஆறு மணி நேரத்தில் சேர்வதைவிட, எழுந்து நடந்து போக வழியுள்ள ரயில் எட்டு மணி நேரத்தில் சேர்வது அவருக்கு நூறு மடங்கு நல்லது. பஸ்தான் வழி என்றால் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று புறப்படும் முன்பே கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

எழுந்து நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. விமானத்துக்கு மட்டும் உரிய ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு மொத்த ஆபத்து மிகச் சிறியதுதான். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவரோ மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

குமட்டல் வருபவர்கள் ‘எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது’ என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறார்கள். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது அவர்கள் உட்கார்ந்த இடம்தான். பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் சீட்டுகள் அதிகம் தூக்கிப்போடும். மாடி பஸ்ஸின் மேல்தளம் அதிகம் ஆடும். கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, கைபேசியை மூடிவிட்டுத் தொலைவைப் பார்த்தால் பலருக்குச் சரியாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதைக்கு மட்டும் இந்த வைத்தியம் போதாது.

டிக்கெட் எடுக்கும்போது நேரும் தவறுகளில் மிகச் சாதாரணமானது நள்ளிரவுத் தேதி. பத்தாம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்பி 12.20 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் டிக்கெட் பதினொன்றாம் தேதிக்கு எடுக்க வேண்டும். பத்தாம் தேதிக்கு எடுத்தவரின் ரயில் அவர் கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். நன்றாகப் படித்தவர்களும் இதில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி மாறிப் போகிறவர்கள் தனித்தனி டிக்கெட் எடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் வண்டி தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடும் பொறுப்பு பல இடங்களில் நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் உங்களுடையது. தாமதமானால் பயணிக்குக் கிடைக்கும் உரிமையும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம், சில விதிவிலக்குகள் தவிர. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பஸ் பயணத்தில், வண்டி புறப்படவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால்தான் பயணத்தைத் தொடர்வதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. கட்டாயம் குறித்த நேரத்தில் இருக்க வேண்டிய வேலை என்றால், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மருந்து, அடையாள ஆவணங்கள், சார்ஜர் மூன்றும் பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் போகக் கூடாது. அது இடையில் நிற்கும் இடங்களில் உங்கள் கண்ணுக்கு எட்டாமல் திறக்கப்படும்.

கடைசியாக, போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்று நினைப்பதும் ஒரு பழக்கம்தான். போகும்போது இருக்கும் அவசரம் திரும்பும்போது இருக்காது. களைப்பு இருக்கும், பை கனத்திருக்கும். இப்போது அம்மாவோடு போகும்போது, விடிந்தபின் ஊருக்குள் கொண்டுசேர்க்கும் ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுக்கிறேன். திரும்பும்போது பகல் பஸ், வீட்டுத் தெருமுனையிலேயே நிற்கும் அந்த மெதுவான பஸ். ஜன்னல் ஓர சீட் எப்போதும் அவருக்குத்தான்.