மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி

எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "அன்புள்ள எழுத்தாளர் அத்தைக்கு" என்று தொடங்கும். மீதிப் பாதி, "வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், டீச்சர் கேட்டிருக்காங்க" என்று முடியும். நடுவில் இருக்கும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஐடியா எங்கிருந்து வருகிறது? கதை எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? நீங்கள் கையால் எழுதுவீர்களா, டைப் செய்வீர்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையால். பென்சிலில். அடித்து அடித்து எழுதுவேன், என் கையெழுத்தை எனக்கே சில நாள் படிக்க வராது. நீ எதில் வேண்டுமானாலும் எழுது.

மற்றக் கேள்விகளுக்கு ஒரு ஏ4 தாள் வேண்டும். எடுத்துக்கொண்டு வா, காத்திருக்கிறேன்.

தாளைப் பாதியாக மடி. இன்னொரு முறை பாதியாக மடி. கடைசியாக மடித்த பக்கம்தான் முதுகு. அதை நடுவில் திறந்து, மடிப்பின் மேலேயே இரண்டு பின் அடி. மேல்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் மடிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடு. இப்போது உன் கையில் நான்கு இதழ், எட்டுப் பக்கம் கொண்ட ஒரு குட்டிப் புத்தகம் இருக்கிறது.

அச்சகத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அப்படி இரண்டு கட்டு சேர்ந்தால் 32. படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கமாகவே இருப்பதற்குத் தாள் மடிப்புக் கணக்கு ஒரு முக்கியமான காரணம். ஆகவே எத்தனை பக்கம் என்று கேட்டால், உனக்கு என் பதில் எட்டு. அதில் முதல் பக்கம் அட்டை, எட்டாவது பின்னட்டை. கதைக்கு ஆறு.

ஆறு பக்கம் போதுமா என்று முகத்தைச் சுளிக்காதே. எனக்கு வரும் கதைகளில் முக்கால்வாசி, "அத்தியாயம் ஒன்று" என்று கொட்டை எழுத்தில் தொடங்கி அத்தியாயம் இரண்டின் நடுவில் நின்றுபோனவை. ஏழு ராஜ்யம், பதினாறு மந்திரவாதி, ஒரு வரைபடம்கூட இருக்கும். முடிவுதான் இருக்காது. நூறு பக்கக் கதையைத் தொடங்கியவரைவிட ஆறு பக்கக் கதையை முடித்தவருக்கு அதிகம் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி ஐடியா. அது வானத்திலிருந்து விழும் என்று நினைத்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாய். கீழே பார். தெருவில் ஒரு ஒற்றைச் செருப்பு கிடக்கிறதா? சின்னச் செருப்பு, வார் கொஞ்சம் பிய்ந்தது. இதை இன்னும் ஐடியா என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்க ஆரம்பித்தால்தான் அது கதையாகும். யாருடையது? ஒற்றைக் காலில் செருப்போடு எப்படி வீட்டுக்குப் போனான்? வீட்டில் என்ன சொன்னான்? மற்றது தொலைந்ததா, யாராவது எடுத்தார்களா?

கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வை. பதில் உடனே வேண்டாம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. (எல்லாக் கேள்விக்கும் அவ்வளவு ஆகாது, பயப்படாதே.)

சரி, செருப்பையே எடுத்துக்கொள்வோம். பையன் பெயர் அகில். அவனுக்கு என்ன வேண்டும்? உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம். அம்மா பார்ப்பதற்குள் இன்னொரு செருப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசை சின்னதாக இருக்கட்டும், அவசரம் பெரிதாக இருக்கட்டும்.

இப்போது உன் குட்டிப் புத்தகத்தைத் திற. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எதிரெதிரே இருக்கின்றன. மூன்றாம் பக்கம் வலதுபுறம். அதைப் படித்து முடித்ததும் வாசகர் என்ன செய்வார்? தாளைத் திருப்புவார். திருப்புவதற்கு முன்னால் ஒரு விநாடி அவர் விரல் தாளின் ஓரத்தில் நிற்கும். அந்த ஒரு விநாடி உன்னுடையது.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியாக நான் இதை எழுதுவேன்:

"புதருக்குப் பின்னால் செருப்பு தெரிந்தது. அகில் ஓடினான். செருப்பு அசைந்தது."

திருப்பு. நான்காம் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. அது மூச்சுவிடும்போதெல்லாம் செருப்பும் சேர்ந்து அசைகிறது.

இதையே, "புதருக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி செருப்பின் மேல் படுத்திருந்தது" என்று மூன்றாம் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் திருப்பும் விரலுக்கு வேலை இல்லை. கவனி, இதில் "திடீரென்று" என்ற சொல் எங்கேயும் இல்லை. ஒரு சிறுமி அனுப்பிய இரண்டு பக்கக் கதையில் பதினோரு "திடீரென்று" இருந்தது. பதினொன்றாவது வரும்போது கூரையே இடிந்து விழுந்தாலும் நான் திடுக்கிட்டிருக்க மாட்டேன். சிரிக்காதே, எனக்கும் இந்த வியாதி உண்டு. என் சொல் "மெல்ல". என் கதைகளில் எல்லாரும் மெல்லச் சிரிப்பார்கள், மெல்லத் திரும்புவார்கள், ஒரு தடவை ஒருவர் மெல்ல ஓடியே விட்டார். எடிட்டர் அத்தனையையும் சிவப்பில் வட்டம் போட்டு, ஓரத்தில் "இவர்களுக்கெல்லாம் கால் வலியா?" என்று எழுதி அனுப்பினார். உன் கதையில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீயே வட்டம் போட்டுப் பார்.

அடுத்தது, நான் அதிகம் மல்லுக்கட்டும் இடம். அகில் ஒற்றைச் செருப்போடு முதலில் வீட்டுக்கு வரும் காட்சியை நான் இப்படித்தான் எழுதிவைத்தேன்:

"அகில் மிகவும் பயந்தான்."

படித்ததும் உனக்கு ஏதாவது தெரிந்ததா? எனக்குத் தெரியவில்லை. பயம் எல்லாருக்கும் வரும். அகிலுக்கு எப்படி வந்தது? கண்ணை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேன். கை என்ன செய்கிறது? கால் என்ன செய்கிறது? வாயிலிருந்து என்ன வருகிறது? மூன்றாவது முறை எழுதியது இது:

"அகில் வாசலில் நின்றான். வெறும் காலைச் செருப்புப் போட்ட காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அம்மா திரும்பியதும், 'உனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமாம்மா?' என்றான்."

பயம் என்ற சொல்லே இல்லை. ஆனால் தப்பு செய்த அன்றைக்குத்தான் நாம் எல்லாரும் உலகத்திலேயே நல்ல பிள்ளையாக இருப்போம் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எல்லா வரியையும் இப்படி விரிக்காதே, ஆறு பக்கம் தாங்காது. கதையில் மிக முக்கியமான ஒரே ஒரு இடத்துக்கு இந்த வேலையைச் செய். மற்ற இடத்தில் "மறுநாள் காலை" என்று தாண்டிப் போய்விடு.

அகில் அம்மாவிடம் பேசியதைப் பார்த்தாயா? "தாயே, தாங்கள் அருந்த நீர் கொண்டு வரவா?" என்று அவன் கேட்கவில்லை. உங்கள் கதைகளில் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் பேசுகிறார்கள், எனக்கு அழுகையே வருகிறது. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆட்கள் வாயைத் திறந்தால் வீட்டில் பேசுகிற மாதிரி பேசட்டும். "டீச்சர் தப்பு போடுவாங்களே" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தேர்வுத் தாளில் டீச்சர் சொல்கிறபடி எழுது, மார்க் முக்கியம். இந்தக் குட்டிப் புத்தகத்துக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை.

பாதியில் நின்றுவிட்டால்? எழுதியவரை சத்தமாகப் படி. வாய்விட்டு, யாராவது ஒருவருக்கு. எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் நீளம். எங்கே கேட்பவர் ஜன்னலைப் பார்க்கிறாரோ அங்கே கதை நின்றுவிட்டது. அதற்கு இரண்டு வரி முன்னால் போய் வேறு வழியில் நட. "நல்லா இருக்கா?" என்று கேட்காதே. நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று கேள். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால், நீ அதை மட்டும் செய்யாதே.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். "கண்விழித்துப் பார்த்தால், அத்தனையும் கனவு" என்று முடிக்காதே. ஆறு பக்கமும் உன்னோடு ஓடிவந்த வாசகரிடம், "நீ ஓடவே இல்லை" என்று சொல்வது மாதிரி அது. முடிவு தெரியாதபோது எல்லாருக்கும் அந்தக் கதவுதான் முதலில் தெரியும். பூட்டிவிடு. அகில் தானாக ஏதாவது செய்து முடிக்கட்டும். அப்பா வந்து காப்பாற்றுவதும், தேவதை வந்து புதுச் செருப்பு தருவதும்கூட வேண்டாம்.

யாருக்காக எழுதுவது என்று ஒரு பையன் கேட்டிருந்தான். ஒரே ஒருவருக்காக. 'பீட்டர் ராபிட்' முயல் கதையை எழுதிய இங்கிலாந்து எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893-இல், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு சின்னப் பையனுக்குப் படம் வரைந்து ஒரு கடிதம் எழுதினார். நான்கு முயல்குட்டிகளைப் பற்றிய கதை. அந்தப் பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். சில வருஷம் கழித்து அவர் அதைத் திரும்ப வாங்கிப் பார்த்து, கொஞ்சம் நீட்டி, புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. 1901-இல் தன் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த வருஷம், முன்பு வேண்டாம் என்ற பதிப்பகங்களில் ஒன்றே அதை வெளியிட்டது. ஆகவே உன் தாளைக் கிழித்துப் போடாதே. ஒரு டப்பாவில் போட்டு வை. நான் பத்து வயதில் எழுதியவற்றை வெட்கப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு யானைக் கதை இருந்தது. அதன் முதல் வரி மட்டும் நினைவிருக்கிறது, நல்ல வரி. மீதி போயே போச்சு.

"என் கதை எப்போது புத்தகமாக வரும்?" உன் கையில் பின் அடித்து வைத்திருக்கிறாயே, அதுதான் புத்தகம். வெளியே எங்காவது அனுப்ப ஆசையாக இருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் காட்டிவிட்டு அனுப்பு. முகவரி, போட்டோ, போன் நம்பர் எதையும் நீயாகக் கொடுக்காதே.

அகில் கதையை நான் ஐந்தாம் பக்கம் வரை எழுதிவிட்டேன். நாய்க்குட்டி இன்னும் தூங்குகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது, தூரத்தில் அம்மா கூப்பிடுகிறாள். வலதுபுறப் பக்கத்தின் கடைசி வரி இது:

"அகில் குனிந்து, தன் காலில் இருந்த செருப்பையும் கழற்றினான்."

ஏன் கழற்றினான்? ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் நீ எழுது. கடிதத்தில் அதை மட்டும் அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்காதே.