கப்ளிங் பீம் முனையில் மொமென்ட் வரவே இல்லை

கட்டிடத்தின் கணினி மாடலில் வந்த இந்தச் சிக்கல் ஒருவழியாக முடிந்தது, இதே இடத்தில் மாட்டுபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

லிஃப்டைச் சுற்றிய ஷியர் வால்கள் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்கள்) ஷெல் எலிமென்டில் (தகடு போன்ற துண்டுகள்), நடுவே அவற்றை இணைக்கும் கப்ளிங் பீம் ஃப்ரேம் எலிமென்டாக (ஒற்றைக் கோடு). நிலநடுக்க விசை கொடுத்தால் டிரிஃப்ட் (மாடிகளின் பக்கவாட்டு நகர்வு) எகிறுகிறது, பீம் முனையில் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) பெயருக்குத்தான். இந்திய நிலநடுக்க விதிநூலான ஐஎஸ் 1893 (2016) பீமின் ஸ்டிஃப்னெஸைக் (விறைப்பை) குறைக்கச் சொல்லும் 0.35 மடங்கை எடுத்துவிட்டு முழு ஸ்டிஃப்னெஸ் கொடுத்தும் பெரிதாக அசையவில்லை. எண்ட் ரிலீஸும் (பீம் முனையைச் சுழல விடும் அமைப்பு) இல்லை. டயஃப்ரம் (மாடித் தளத்தை ஒரே தகடாக நகர வைப்பது) சரி.

மெஷ்ஷை, அதாவது சுவரைப் பிரித்த கட்டங்களை, பொடியாக்கினேன். வினோதம் அங்கேதான்: பொடியாக்கப் பொடியாக்க மொமென்ட் இன்னும் இறங்கியது. விடை ஓரிடத்தில் நிலைக்க வேண்டாமா? பீம் சுவரைப் பிடிப்பது ஒரே ஒரு நோடில் (கட்டங்களின் மூலைப் புள்ளி). சுவரின் தளத்துக்குள் (பிளேன்) அந்த நோடு சுழலாமல் தடுக்கும் ஸ்டிஃப்னெஸ் ஷெல்லில் சொற்பம், அதுவும் மெஷ் அளவுக்கேற்ப மாறும். பீம் கீல் போட்ட மாதிரி ஆடியிருக்கிறது.

பீமை அதன் ஆழம் அளவுக்குச் சுவருக்குள் நீட்டி, வழியில் வரும் நோடுகளோடெல்லாம் இணைத்தேன். இப்போது மொமென்ட் நோடுகளுக்கிடையே மேலும் கீழுமான விசை ஜோடியாகச் சுவருக்குள் இறங்குகிறது. நீட்டிய துண்டின் சுய எடையைப் பூஜ்யமாக்குங்கள், சுவரின் எடை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. டிரிஃப்ட் அடங்கியது, மெஷ்ஷை மாற்றியும் மொமென்ட் அதிகம் நகரவில்லை.

நீளம் குறைந்து ஆழம் மிகுந்த பீம்களை மட்டும் ஷெல்லிலேயே ஸ்பாண்ட்ரலாக (சுவரின் பகுதியாகவே அமையும் பீம்) வரைந்துவிட்டேன்.