ஆள் சரியில்லை, திட்டம் சரியா? ஃபியோன் விவகாரத்தில் செய்யக்கூடாத கணக்குகள்

2017 ஜனவரியில், பிரான்சின் அடுத்த அதிபர் பிரான்சுவா ஃபியோன்தான் என்று பலர் முடிவே கட்டியிருந்தார்கள். வலதுசாரிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் முன்னாள் அதிபர் சர்க்கோசி, முன்னாள் பிரதமர் ஜுப்பே இருவரையும் தோற்கடித்து வந்தவர். மாதக் கடைசியில் 'லு கனார் ஆன்ஷெனே' வார இதழ் செய்தி போட்டது: அவர் மனைவி பெனலோப், நாடாளுமன்ற உதவியாளர் என்ற பெயரில் அரசுப் பணத்திலிருந்து சுமார் 5 லட்சம் யூரோ வாங்கியிருக்கிறார், வேலை பார்த்த தடயத்தைத்தான் காணோம். அன்று முதல் ஃபியோனுக்குச் சரிவு.

அப்போது அவருடைய ஆதரவாளர்கள் பலர் நாணயத்தை ஒரு தட்டிலும் கொள்கையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தார்கள். இதுதான் பெரிய தவறு. அவர் முன்வைத்த திட்டத்தைப் பாருங்கள்: 5 லட்சம் அரசுப் பணியிடங்களைக் குறைப்பது, 5 ஆண்டுகளில் 10,000 கோடி யூரோ செலவை வெட்டுவது, ஓய்வு வயதை 65 ஆக்குவது. ஊரையே வயிற்றைக் கட்டச் சொல்லும் திட்டம். சொல்பவர் வீட்டுக்கே அரசுப் பணம் சும்மா போயிருக்கிறது என்றால், யார் அதை ஏற்பார்கள்? இங்கே ஆளை ஓரமாக வைத்துவிட்டுத் திட்டத்தை மட்டும் எடைபோட வழியே இல்லை. அவருடைய நாணயம்தான் அந்தத் திட்டத்தின் முதலீடு.

"எல்லாரும் செய்வதுதானே?" என்றும் கேட்டார்கள். குடும்பத்தாரை உதவியாளராக வைப்பது அன்று சட்டப்படி சரிதான், பல எம்.பி.க்கள் செய்தார்கள். ஆனால் 2016 ஆகஸ்டில், பிரெஞ்சு வலதுசாரிகள் போற்றும் பழைய அதிபர் ஜெனரல் டி கோல் குற்ற விசாரணைக்கு உள்ளாவதை யாராவது கற்பனை செய்ய முடியுமா என்று, அப்போது விசாரணையில் இருந்த சர்க்கோசியைக் குத்திப் பேசியவர் இதே ஃபியோன். நேர்மையைச் சொல்லி ஓட்டுக் கேட்டவரை நேர்மையால் அளப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

பரிசாக வந்த 13,000 யூரோ சூட்டுகளைப் பற்றியும் ஊர் சிரித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. முறையான விசாரணைக்கு உட்படுத்தினால் விலகிவிடுவேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மார்ச் 14 அன்று உட்படுத்தினார்கள். விலகவில்லை! சம்பள விவகாரத்தைப் பழைய கதை என்று தள்ளலாம். இது எல்லார் கண் முன்னாலும் நடந்தது.

அப்புறம், "நீதிமன்றம் சொல்லட்டும், அதுவரை பேசக்கூடாது" என்ற வாதம். முதல் தீர்ப்பு வந்தது 2020 ஜூனில். வாக்குப்பதிவோ 2017 ஏப்ரலில். ஒருவரைத் தண்டிக்க வேண்டிய ஆதாரம் வேறு, அவரிடம் அதிபரின் எலிசே மாளிகையை ஒப்படைக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஆதாரம் வேறு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஆள் விழுந்ததும் கொள்கையும் செத்தது என்று நினைப்பது. ஃபியோன் 20.01 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்து முதல் சுற்றிலேயே வெளியேறினார். அவ்வளவு நடந்த பிறகும் ஐந்தில் ஒருவர் அவருக்கே ஓட்டுப் போட்டிருக்கிறார் என்றால், அந்தக் கொள்கைக்கு ஆள் இருந்தது என்றுதான் அர்த்தம். அதை யாரும் அப்போது சரியாக எதிர்த்து வாதாடவில்லை. சம்பளக் கதையிலேயே தேர்தல் முடிந்துபோனது. 2023-இல், அந்தத் தேர்தலில் வென்ற மக்ரோனின் அரசு ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கியபோது, அந்த வாதத்தைத் தெருவில் இறங்கி நடத்த வேண்டியதாயிற்று.