பக்கியை உயர்த்துவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தென்பக்கம், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில், ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும் மாற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன். பிக்கப் வண்டியை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வோம். புதுப் பக்கி வாங்கிய பிள்ளைகள் வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்கிள், எத்தனை இன்ச் ஏத்தலாம்?” நான் திருப்பிக் கேட்பேன்: “வண்டியில எத்தனை கிலோ ஏத்தப் போறீங்க தம்பி?” அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு, வாங்கவே கூடாது. உயரத்தைப் பார்த்து ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் காசையும் இழக்கிறார்கள், வண்டியின் நல்ல குணத்தையும் இழக்கிறார்கள்.

காரணம் இதுதான். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு குறிப்பிட்ட சுமைக்காகச் செய்யப்பட்டது. உங்கள் பக்கியின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 3 கிலோ தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 6 கிலோ. பின் அச்சின் மேல் 300 கிலோ ஏற்றினால் 50 மி.மீ. இறங்கிவிடும். அதாவது கடையில் “50 மி.மீ. லிஃப்ட்” என்று வாங்கியது, பின்பெட்டியை மூடும் கூரையான கேனப்பியும் தண்ணீரும் சாமானும் ஏறியவுடன் காணாமல் போய்விடும். இதற்குப் பயந்து ஆகக் கனமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு வெறும் பெட்டியோடு ஊருக்குள் ஓட்டினால் வேறு தொல்லை. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும், மழை நாளில் வளைவில் பின்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது.

ஆகவே முதல் வேலை எடை பார்ப்பது. பழைய இரும்பு வாங்கும் யார்டுகளிலும் கல் குவாரிகளிலும் எடைமேடை இருக்கும், கேட்டால் ஏற்றிப் பார்க்க விடுவார்கள். நீங்கள் பயணம் போகிற மாதிரியே போங்கள்: டாங்க் நிறைய டீசல், தண்ணீர், ஃப்ரிட்ஜ், கூடாரம், குடும்பம் எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, பிறகு முழு வண்டியை எடை போடுங்கள். இன்னொரு நாள் வெறும் வண்டியோடு போய் அதே மூன்று எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க இந்த ஆறு எண்கள்தான் வேண்டும்.

எடை எப்படிச் சேர்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. முன்பக்கம் பொருத்தும் இரும்புத் தடுப்பான புல்பார் 40 முதல் 60 கிலோ வரை வரும். அதில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் எந்திரம்) வைத்தால் இன்னும் 30 கிலோ. அவ்வளவும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் முன் ஸ்பிரிங்குக்கு அதன் எடையைவிடக் கூடுதலாகத் தெரியும். கூரைக் கூடாரம் 50 முதல் 70 கிலோ. 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. கூடுதல் டாங்கில் 80 லிட்டர் டீசல் ஏறக்குறைய 67 கிலோ. இரண்டாவது பேட்டரி, கேனப்பி, இழுப்பறைகள் எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய எண் வரும். கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ இருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு எழுதியிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் சாமானைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கனமான ஸ்பிரிங் போட்டதால் அந்த எண் உயர்ந்துவிடாது. பிரேக்கும் அச்சும் சேசிஸ் என்ற அடிச்சட்டமும் பழையவைதானே.

அப்புறம், எங்கே ஓட்டுகிறீர்கள்? ஹைம்வில்லைத் தாண்டி சானி பாஸ் மலைப்பாதை ஏறி 2,876 மீட்டர் உயரத்தில் லெசோத்தோ நாட்டுக்குள் நுழைகிறவருக்குக் கல்லும் கொண்டை ஊசி வளைவும்தான் பிரச்சினை. அங்கே சக்கரம் நன்றாக ஏறி இறங்க வேண்டும், வயிற்றுப் பகுதி கல்லில் தட்டாமல் இருக்க வேண்டும். நிதானமான 40 அல்லது 50 மி.மீ. லிஃப்ட் அங்கே உண்மையாகவே உதவும். சோட்வானா, கோசி விரிகுடா பக்கம் போகிறவருக்குக் கதை வேறு. கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது 2002 முதல் இந்த நாட்டில் பொதுவாகத் தடை. மிச்சம் இருப்பவை காட்டு மணல் தடங்கள். அவற்றில் முதலில் டயர் காற்றை 1.2 பார் (bar) அழுத்தத்துக்கு இறக்குங்கள். செலவில்லாத அந்த ஒரு வேலை பாதிச் சிரமத்தைத் தீர்த்துவிடும். தடங்களுக்கு நடுவே எழும் மேடு வயிற்றைத் தட்டினால் மட்டும் உயரத்தைப் பற்றி யோசியுங்கள்.

வெள்ளத்துக்காக உயர்த்த வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் இங்கே 400-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி உருவாகும் பிராஸ்பெக்டன் தொழிற்சாலையே அப்போது தண்ணீரில் நின்றது. ஆனால் ஓடும் வெள்ளத்தில் 50 மி.மீ. உயரம் உங்களைக் காப்பாற்றாது. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டி மிதக்கத் தொடங்கிவிடும். தயவுசெய்து அந்த நம்பிக்கையில் கிட் வாங்காதீர்கள்.

லிஃப்ட் எதை உயர்த்துகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்பக்கம் முழு அச்சு இருக்கும் வண்டிகளில், அதாவது ஹைலக்ஸ், ரேஞ்சர், ஃபார்ச்சூனர், ஜிம்னி எல்லாவற்றிலும், பின் டிஃப், அதாவது அச்சின் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, சக்கரத்தோடு ஒன்றாக இருக்கிறது. எவ்வளவு ஸ்பிரிங் போட்டாலும் அது தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. டிஃப்பை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான். 265/65R17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., 265/70R17 சுமார் 803. டிஃப்புக்குக் கிடைப்பது 13 மி.மீ. மட்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகமாகப் போவீர்கள், அதையும் நினைவில் வையுங்கள். பாடி லிஃப்ட் என்று சேசிஸுக்கும் உடலுக்கும் நடுவே கட்டை வைப்பது பெரிய டயருக்கு இடம் தரும், வேறொன்றும் தராது.

இனி முன்பக்கம். இங்கேதான் அதிகமான வண்டிகள் கெட்டுப்போகின்றன. ஹைலக்ஸ், ரேஞ்சர், ஃபார்ச்சூனர் மூன்றிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடுபவை. முன் டிஃப் சேசிஸோடு இருக்கிறது, சக்கரம் கீழே இருக்கிறது. வண்டியை உயர்த்தும்போது இரண்டுக்கும் நடுவே போய்ச் சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஷாஃப்ட் சாய்கிறது. சாய்வு கூடினால் அதன் ஜாயின்ட் சூடாகும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்மின் உருண்டை மூட்டான பால் ஜாயின்டும் தன் எல்லையைத் தொடும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அந்த ஆர்ம் ஸ்பிரிங்கிலேயே உரசுவதையும் பார்க்கலாம். இந்த வண்டிகளுக்கு 40 முதல் 50 மி.மீ. வரை கம்பெனி அப்பர் ஆர்மோடு ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் புது அப்பர் ஆர்ம், சில வண்டிகளில் முன் டிஃப்பைக் கொஞ்சம் இறக்கும் கிட், இரண்டும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் காசு இல்லை என்றால் 50-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காஸ்டர் என்ற கோணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேருக்குத் திரும்புகிறதே, அதைச் செய்வது காஸ்டர். முன்பக்கம் உயரும்போது அது குறைகிறது. குறைந்தால் வண்டி நேர்க்கோட்டில் நிற்காமல் அலையும். ஊருக்குள் 60-ல் ஓட்டும்போது தெரியாது. என்3 நெடுஞ்சாலையில் ஃபான் ரீனன் ஏற்றத்தில் பக்கக்காற்று அடிக்க, பக்கத்தில் பெரிய லாரி கடந்துபோகும்போது, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கிட் விற்கிறவரிடம் “போட்ட பிறகு காஸ்டர் கம்பெனி அளவுக்குள் வருமா?” என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

விலை குறைவு என்று சிலர் ஷாக்கின் தலைமேல் வைக்கும் ஸ்பேசரை மட்டும் போடுகிறார்கள். 20, 25 மி.மீ. தகடுதான், ஆனால் லீவர் விகிதத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு உயரம் வரும். பார்க்க அழகாக நிற்கும். உள்ளே இருப்பது பழைய ஸ்பிரிங், பழைய ஷாக். முழு ஷாக்கும் கீழே தள்ளப்பட்டிருப்பதால், பெரிய குழியில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடை தொடுவதற்கு முன் ஷாக்கே அடிவாங்கும். என் தங்கை மகனுக்கு இதைப் போட நான் மறுத்துவிட்டேன், உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) என்றால் முழுப் பட்டைத் தொகுப்பையும் மாற்றுவதே நல்லது. பழைய தொகுப்பில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவது சுமை வண்டிக்குச் சரி, ஆனால் சவாரி முரடாகும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பதை நான் செய்வதில்லை. பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழலப் பார்க்கும், பட்டை முறுக்கிக்கொள்ளும். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்தினால் டிஃப்பின் மூக்குக் கோணம் மாறி, டிஃப்புக்குச் சுழற்சி கொண்டுவரும் பிராப் ஷாஃப்ட் அதிரும். லீஃப் வண்டிக்குச் சுமை தாங்கக் காற்றுப் பை வைப்பதிலும் கவனம் வேண்டும். பட்டை தன் இரு முனைகளில் தாங்கும் சுமையைப் பை சேசிஸின் ஒரே இடத்தில் அழுத்துகிறது. அதிகச் சுமையோடு குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால் சேசிஸ் வளையும். ஃபார்ச்சூனர் மாதிரி பின்னால் காயில் (சுருள் ஸ்பிரிங்) இருக்கும் வண்டியில், எப்போதாவது கேரவன் இழுக்கிறவருக்குப் பை நல்ல தீர்வு.

ஜிம்னிக்கும் லேண்ட் க்ரூசர் 79-க்கும் முன்னாலும் முழு அச்சுதான். அங்கே சி.வி. கவலை இல்லை. அதற்குப் பதில் இரண்டு வேலை: காஸ்டரைத் திருத்தும் புஷ் (இணைப்பு ரப்பர்), பக்கவாட்டில் அச்சைப் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடு. உயரம் கூடும்போது அந்த ராடு அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராடு இருந்தால் மீண்டும் நடுவே கொண்டுவரலாம்.

ஷாக் வாங்கும்போது ஸ்பிரிங்கோடு ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக வாங்குங்கள். கனமான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அதற்கென்று அமைத்த ஷாக்தான் அடக்கும். வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண் சாலையில் நீண்ட நேரம் ஓட்டினால் ஷாக்கின் எண்ணெய் சூடாகி நுரைக்கும், பிடிப்பு போய்விடும். நுரையைத் தடுக்க, உள்ளே வாயுவுக்குப் பதில் நுரைப்பஞ்சு வைத்த ஃபோம் செல் வகை வந்தது. ஒற்றைக் குழாய் கொண்ட மோனோட்யூப் வகை சூட்டை வேகமாக வெளியேற்றும், ஆனால் அதன் வெளிக்குழாயில் கல் அடித்து நசுங்கினால் அத்தோடு போயிற்று. ஓல்ட் மேன் இமு, டஃப் டாக், ஐயன்மேன் எல்லாம் ஆஸ்திரேலியப் பெயர்கள், எங்கள் சாலைகளுக்கும் பொருந்துபவை. பெயரைவிட, உங்கள் எடைக்குரிய ஸ்பிரிங்கை அந்தக் கடை இருப்பில் வைத்திருக்கிறதா என்பதையே பாருங்கள்.

உயரத்தை முடிவு செய்யும்போது வீட்டில் யார் ஏறுவார்கள் என்பதையும் எண்ணுங்கள். புனித வெள்ளி அன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு எங்கள் ஆயாவையும் சேர்த்துத்தான் கூட்டிப்போகிறோம். அவர் கால் எட்டாத வண்டி எங்களுக்கு எதற்கு? உயர்த்தினால் கூடவே பக்கவாட்டுப் படியும் வாங்கிவிடுங்கள். மூடிய பார்க்கிங்கின் தடுப்புக் கம்பியையும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள், முக்கியமாகக் கூரையில் கூடாரம் இருந்தால்.

பொருத்தும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. வேலை தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும், நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஆர்ம் புஷ்களின் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கின் வயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். உயர்ந்த வண்டியைச் சுமை இல்லாத வண்டி என்று நினைத்து அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்யுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது. கடைசியாக வீல் அலைன்மென்ட், அச்சிட்ட தாளோடு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு என்ன மாற்றினீர்கள் என்று எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்கும்போது, அது சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனை வரும், அதற்கும் பில்களும் அலைன்மென்ட் தாளும் உதவும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் உட்பட எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வண்டியைக் கொண்டுவாருங்கள். அதே நான்கு இடங்களிலும் அளந்து பாருங்கள். புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கி நிலைக்கும், அது சகஜம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தாலோ, இறக்கம் நிற்காமல் தொடர்ந்தாலோ, முதல் நாள் எழுதிய அளவையும் எடைமேடைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். வாரண்டி கேட்க அந்த இரண்டு தாளும் கையில் இருக்க வேண்டும்.